தங்க முகமூடியைத் தள்ளி வையுங்கோ: எகிப்துப் புத்தகம் வாங்கப் போறவைக்கு

எங்கட வாசிப்பு வட்டத்தில ஒரு தம்பி இருக்கிறான். சரித்திரம் எண்டால் அவனுக்குச் சாப்பாடு தேவையில்லை. அவன்ர பிறந்தநாளுக்கு நாங்கள் ஏழு பேர் காசு சேர்த்து, பழைய எகிப்தியர் பற்றி ஒரு புத்தகம் வாங்கிக் குடுத்தோம். பெரிய அளவு, மினுங்கிற தாள், அட்டையில துட்டன்காமுனின் தங்க முகமூடி. கடையில நிண்டு யோசிக்கவே இல்லை. எகிப்து எண்டால் முகமூடி, முகமூடி எண்டால் எகிப்து. வேற என்ன யோசிக்கிறது?

ரெண்டு கிழமை கழிச்சு அவன் வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "அண்ணை, இதில ஆக்கள் எங்க?"

புத்தகத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தோம். அவன் சொன்னது சரி. அரசர்கள் இருந்தார்கள், தெய்வங்கள் இருந்தன, மம்மிகள் இருந்தன. மண்வெட்டி பிடிச்ச, பாண் சுட்ட, சம்பளம் வராமல் கத்தின ஒரு ஆள்கூட இல்லை. மூவாயிரம் வருச நாகரிகத்தை ஒரு நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியாக்கி வைத்திருந்தார்கள். அதை நாங்கள் எங்கட காசில வாங்கி ஒரு பிள்ளைக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறோம்.

அந்த வெட்கத்தில் எழுதுகிற கட்டுரை இது. ஒரு புத்தகத்தைத் தேர்வது ரசனை சம்பந்தப்பட்ட சின்ன விசயம் எண்டு நினைக்கிறவர்களோடு எங்களுக்குச் சண்டை இருக்கிறது. ஒரு மக்களை யார் நினைவில் வைப்பது, யாரை மறப்பது எண்டுற தெரிவு அது.

முதல் சண்டை 'மர்மம்' விற்கிறவர்களோடு. 1968 இல் எரிக் ஃபொன் டானிகன் எழுதிய புத்தகம் தொடக்கிவிட்ட வியாபாரம் இது. பிரமிட்டைக் கட்ட வேற்றுக்கிரக ஆக்கள் வந்திருக்க வேணுமாம். 1995 இல் கிரஹாம் ஹான்கொக் வேற்றுக்கிரகத்தை விட்டுவிட்டு, மறைந்துபோன ஒரு மகா நாகரிகத்தைக் கொண்டுவந்தார். இவை இன்றைக்கும் விற்கின்றன. யூடியூப்பில் தமிழிலும் அதே கதைதான், பின்னால ஒரு பயமுறுத்திற இசையோடு.

நாங்கள் கேட்கிறது இதுதான். கிரேக்கத்தின் பார்தினன் கோவிலை யார் கட்டினது எண்டு இப்படிப் பெரிய அளவில் சந்தேகப்பட்டிருக்கிறார்களா? ஐரோப்பாவின் பெரிய தேவாலயங்களைக் கட்ட ஆகாயத்திலிருந்து ஆக்கள் வந்ததெண்டு புத்தகம் புத்தகமாக எழுதினார்களா? ஆபிரிக்க மண்ணில் ஒரு பெரிய கட்டடம் நிண்டால் மட்டும் ஏன் உடனே 'இவங்களால எப்பிடி?' எண்டுற கேள்வி வருகிறது? அந்த 'இவங்களால' எண்டுற சொல்லுக்குள்ள இருக்கிற இளக்காரம்தான் அந்தப் புத்தகங்களின் மூலதனம். எழுதினவர் அப்படி நினைச்சாரோ இல்லையோ, வாசிக்கிறவன் மனதில விழுகிறது அதுதான்.

இத்தனைக்கும் பிரமிட்டைக் கட்டப் பழகின கதை வெட்டவெளியில் கிடக்கிறது. சுமார் கி.மு. 2670 அளவில் சக்காராவில் ஜோசர் மன்னனுக்குப் படிப்படியாக ஒரு கட்டடம் எழுந்தது. பிறகு மைதும் எண்ட இடத்தில் ஒன்று, இன்றைக்குச் சரிந்த கோபுரம் போல நிற்கிறது. தஹ்ஷூரில் ஸ்னெஃப்ரு மன்னன் கட்டிய பிரமிட் கீழே சுமார் 54 பாகையில் தொடங்கி, நடுவில் சுமார் 43 பாகைக்கு வளைகிறது. கட்டிக்கொண்டிருக்கும்போதே பிழைக்குது எண்டு விளங்கி, சரிவைக் குறைத்திருக்கிறார்கள். அதற்கடுத்த பிரமிட்டைத் தொடக்கத்திலிருந்தே குறைந்த சரிவில் கட்டினார்கள். அதுக்குப் பிறகுதான் அவன்ர மகன் குஃபுவின் பெரிய பிரமிட், சுமார் கி.மு. 2560 இல். வானத்திலிருந்து வந்த பொறியியலாளர் எண்டால் நடுவில கோணத்தை மாத்தி இருக்கமாட்டார். பிழை விட்டு, பார்த்து, திருத்திப் பழகுறது மனிசர் செய்யிற வேலை. ஒரு நல்ல புத்தகம் அந்த வளைந்த பிரமிட்டுக்கு ஒரு அத்தியாயம் கொடுக்கும். மர்மப் புத்தகம் அதைத் தாண்டி ஓடிவிடும்.

இரண்டாவது சண்டை தங்கத்தோடு. 1922 நவம்பர் 4 ஆம் திகதி துட்டன்காமுனின் கல்லறைக்குப் போகும் முதல் படி தெரிந்தது. 'ஹோவார்ட் கார்ட்டர் கண்டுபிடித்தார்' எண்டுதான் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அந்த வெயிலில் மண்ணை வெட்டி, கூடையில அள்ளிச் சுமந்தது எகிப்தியத் தொழிலாளர்கள். கார்ட்டரே தன்னுடைய நூலின் முன்னுரையில் அகமது ஜெரிகர் முதலான மேற்பார்வையாளர்களின் பெயரைச் சொல்லி நன்றி எழுதியிருக்கிறார். அந்தப் பெயர்கள் பிறகு வந்த மினுங்கல் புத்தகங்களில் எங்கே போயின? படத்தில் நிற்கிறார்கள், படத்துக்குக் கீழ 'கார்ட்டரும் உதவியாளர்களும்' எண்டு இருக்கும்.

அதோடு முடியவில்லை. அகழ்வுக்குப் பணம் போட்ட கார்னர்வோன் பிரபு, அந்தக் கல்லறை பற்றின செய்தி உரிமையை லண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகைக்கு விற்றார். எகிப்துப் பத்திரிகையாளர் தங்கட நாட்டு மண்ணில், தங்கட அரசனின் கல்லறை பற்றின செய்தியை லண்டன் வழியாக அறிய வேண்டியிருந்தது. அதே 1922 பெப்ரவரியில்தான் பிரித்தானியா எகிப்துக்குப் பெயரளவில் சுதந்திரம் அறிவித்திருந்தது. இதைச் சொல்லாமல் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பொருட்களின் மினுக்கத்தை மட்டும் காட்டுகிற புத்தகம் வரலாற்றுப் புத்தகமில்லை, பொருட்பட்டியல்.

ரொசெற்றாக் கல்லும் அப்படித்தான். 1799 இல் நெப்போலியனின் படைகள் எடுத்தன, பிரெஞ்சுக்காரர் தோற்றதும் பிரித்தானியர் வாங்கிக்கொண்டு போனார்கள், 1802 இலிருந்து பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. 1822 இல் சம்போலியன் அந்த எழுத்தின் இரகசியத்தை உடைத்தார். பெரிய சாதனைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் 'அதுவரை எகிப்தியருக்கே எகிப்து தெரியாது' எண்டு புத்தகங்கள் எழுதுகிற இடத்தில்தான் எங்களுக்கு எரிகிறது. நடுக்கால அரபு எழுத்தாளர்கள் பழைய எகிப்தைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒகாஷா எல் தாலி 2005 இல் இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். 'காணாமற்போன ஆயிரம் ஆண்டு' எண்டுற பொருளில் பெயர் வைத்தார். 19 ஆம் நூற்றாண்டில் ரிஃபா அல் தஹ்தாவி அரபியில் பண்டை எகிப்தின் வரலாறு எழுதினார். அகமது கமால் பழைய எகிப்திய மொழிக்குப் பல தொகுதிகளில் ஒரு அகராதி தொகுத்தார், 1923 இல் அவர் இறக்கும்போது அது அச்சேறியிருக்கவில்லை. நீங்கள் வாங்கப்போகிற புத்தகத்தின் பின்பக்கச் சுட்டியில் இந்தப் பெயர்களில் ஒன்றாவது இருக்கிறதா எண்டு பாருங்கோ.

மூன்றாவது, மலிவுப் பதிப்பு. காசு குறைவு எண்டதால நாங்கள் எல்லாரும் விழுகிற குழி இது. வாலிஸ் பட்ஜ் எண்ட பெயரில் எகிப்துப் புத்தகங்கள் எங்கேயும் மலிவாகக் கிடைக்கும், இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கும். காரணம், ஆள் 1934 இல் இறந்துவிட்டார், பதிப்புரிமை முடிஞ்சுது. அவருடைய 'இறந்தோர் நூல்' மொழிபெயர்ப்பு 1895 இல் வந்தது. அதற்குப் பிறகு எகிப்திய மொழி பற்றின அறிவு எவ்வளவோ தூரம் போய்விட்டது. 1895 இல் எழுதிய வைத்தியப் புத்தகத்தைப் பார்த்து யாராவது மருந்து எடுப்பினமா? பிறகு சரித்திரத்துக்கு மட்டும் ஏன்?

இன்னொன்றும் இருக்கிறது. அந்த நூலுக்கு அடிப்படையான அனியின் பாப்பிரஸ் சுருளைத் தான் எப்படி எகிப்திலிருந்து கடத்திக்கொண்டு வந்தேன் எண்டு பட்ஜ் தானே எழுதி வைத்திருக்கிறார். பொலிஸ் முத்திரை வைத்த வீட்டின் சுவருக்குக் கீழால், பக்கத்து விடுதித் தோட்டத்திலிருந்து துளை போட்டுப் பொருட்களை எடுத்தார்களாம். இதைக் கெட்டித்தனமாகச் சொல்லிப் பெருமைப்படுகிறார். பிறகு அந்த நீளச் சுருளை 37 துண்டாக வெட்டினதும் அவர்தான். மலிவான புத்தகம்தான், ஆனால் அந்த மலிவுக்கு வேறு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள்.

நாலாவது சண்டை வீட்டுக்குள்ள. கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ. 'பிரமிட்டைக் கட்டினது தமிழன்' எண்டுற காணொளியை எங்களில் எத்தனை பேர் பகிர்ந்திருக்கிறோம்? வேற்றுக்கிரகவாசியை எடுத்துப்போட்டு அந்த இடத்தில் எங்களை வைத்தால் மட்டும் அது நியாயமாகிவிடுமா? எகிப்தியனின் கையிலிருந்து அவன்ர உழைப்பைப் பறிக்கிற வேலைதான் இரண்டும். எங்கட வரலாற்றை இன்னொருத்தர் தன்ர எண்டு சொல்லும்போது எங்களுக்கு எப்படிப் பத்துதோ, அதே நெருப்புத்தான் அவர்களுக்கும்.

உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது, அது பொய்யைவிட அழகானது. கி.மு. 1213 இல் இறந்த இரண்டாம் ராம்செஸின் மம்மியின் மூக்கில் மிளகு இருந்தது. மிளகின் தாய்மண் தென்னிந்தியா. செங்கடல் கரையில் குசைர் அல் கதீம் எண்ட பழைய துறைமுகத்தில் தமிழ் பிராமியில் பெயர்கள் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. ஓர் ஓட்டில் 'பானை ஒறி' எண்டு எழுதியிருக்கிறது. ஒறி எண்டால் எங்கட உறி. அதே கரையில் பெரெனிகே துறைமுகக் கோவிலொன்றில் இந்தியச் சாடி ஒன்றுக்குள் சுமார் ஏழரை கிலோ மிளகு கிடைத்தது.

ஆனால் காலத்தைக் கவனியுங்கோ. அந்த ஓடுகளும் சாடியும் கிறிஸ்துவுக்குக் கொஞ்சம் முன்பின்னான காலத்தவை. கிளியோபாட்ரா கி.மு. 30 இல் இறந்து எகிப்து ரோமரின் கையில் விழுந்த காலத்தை ஒட்டியவை. அப்போதே பெரிய பிரமிட்டுக்கு 2500 வயது. கிளியோபாட்ரா பிரமிட் கட்டின காலத்துக்கு இருந்த தூரத்தைவிட எங்களுக்குக் கிட்ட இருக்கிறாள். உறியில பானை தொங்கவிட்ட அந்த வியாபாரி கீசாவுக்குப் போயிருந்தால், எங்களைப் போல அண்ணாந்து பார்த்துவிட்டு வந்திருப்பான். அது போதாதா? ஒரு சரக்குக்காரன், ஒரு பானை, ஒரு உறி. எங்களுக்கு அதுவே பெருமை.

சரி, அப்ப எந்தப் புத்தகம்? ஆக்கள் இருக்கிற புத்தகம்.

நைலின் மேற்குக் கரையில், அரசர் பள்ளத்தாக்குக்குக் கிட்ட, தெயிர் எல் மதீனா எண்டு ஒரு ஊர். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து, ஓவியம் தீட்டின தொழிலாளர் குடும்பத்தோடு இருந்த ஊர். அவர்கள் எழுதிப்போட்ட ஓட்டுத்துண்டும் கல்துண்டும் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அதில் ஒன்று, இரண்டாம் ராம்செஸின் 40 ஆம் ஆட்சியாண்டில் எழுதிய வரவு இடாப்பு. யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன். ஒருவனுக்குத் தேள் கொட்டிவிட்டது. ஒருவனுக்குக் கண் வருத்தம். ஒருவன் பியர் காய்ச்ச நிண்டுவிட்டான். ஒருவன் இறந்துபோன தாயின் உடலைச் சுற்றிக்கட்டப் போய்விட்டான். சிலரின் மனைவிக்கோ மகளுக்கோ மாதவிடாய். 3200 வருசத்துக்கு முந்தின லீவு இடாப்பு! இதை வாசிச்ச பிறகு மம்மி உங்களுக்கு ஒரு பொருளாகத் தெரியாது. அம்மாவைக் கட்டப் போன மகன் ஒருத்தன் ஞாபகத்துக்கு வருவான்.

அதே ஊரில் நவுனக்தே எண்ட ஒரு மனுசி உயில் எழுதினாள், சுமார் கி.மு. 1145 இல். வயசுபோன காலத்தில் தன்னைக் கவனிக்காத பிள்ளைகளுக்குத் தன்ர சொத்தில் பங்கில்லை எண்டு சாட்சிகளுக்கு முன்னால் சொன்னாள். தன்ர பெயரில் சொத்து, தன்ர வாயால் தீர்ப்பு. ராணி இல்லை, சாதாரண மனுசி.

அதே ஊர்த் தொழிலாளர் மூன்றாம் ராம்செஸின் 29 ஆம் ஆட்சியாண்டில் கருவிகளை வைத்துவிட்டு வேலைத்தளத்தை விட்டு வெளியேறினார்கள். மாதத்தில் 18 நாள் போய்விட்டது, கூலித் தானியம் வரவில்லை, பசிக்குது எண்டார்கள். கோவிலுக்குப் பின்பக்கம் போய்க் குந்தினார்கள். அதிகாரிகள் வந்து வாக்குறுதி கொடுத்தார்கள், அவர்கள் எழும்பவில்லை. எங்களுக்கு எழுத்தில் கிடைத்திருக்கிற பணிப்பகிஷ்கரிப்புகளில் மிகப் பழையது இதுதான். அந்தப் பாப்பிரஸ் இப்போது இத்தாலியின் துரின் நகர நூதனசாலையில் இருக்கிறது. சம்பளத்துக்காக வீதியில் குந்தியிருக்கிற ஆக்களைக் கண்ட எவருக்கும் இந்தக் காட்சி அந்நியமாக இராது.

பிரமிட் கட்டின ஆக்களும் இப்போது பெயரோடு வந்துவிட்டார்கள். 2013 இல் செங்கடல் கரையில் வாதி அல் ஜார்ஃப் எண்ட இடத்தில் பியர் தலே எண்ட பிரெஞ்சு ஆய்வாளரின் குழு, எழுத்துள்ள பாப்பிரஸ்களில் மிகப் பழையவற்றைக் கண்டெடுத்தது. அதில் மெரர் எண்ட ஒரு மேற்பார்வையாளரின் வேலைக் குறிப்பு இருக்கிறது. துராவிலிருந்து சுண்ணக்கல்லை வள்ளத்தில் ஏற்றி, நைலாலும் கால்வாய்களாலும் கீசாவுக்குக் கொண்டுபோனது, எந்த நாள் எங்கே படுத்தது எல்லாம் எழுதியிருக்கிறான். குஃபுவின் பெரிய பிரமிட்டுக்கான கல். வேற்றுக்கிரகக் கதைக்கு மெரரின் கணக்குக் கொப்பி போதும்.

ஆனால் இங்கேயும் ஒரு எச்சரிக்கை. 'அடிமைகள் சவுக்கடி வாங்கிக் கட்டினார்கள்' எண்டுற ஹொலிவூட் கதை பிழை எண்டதால், எல்லாரும் சந்தோசமாகப் பாடிக்கொண்டு கட்டினார்கள் எண்டு எழுதுகிற புத்தகத்தையும் நம்பாதேங்கோ. கீசாவில் தொழிலாளரின் கல்லறைகள் 1990 இலிருந்து தோண்டப்பட்டன. மார்க் லேனர் குழு அவர்கள் இருந்த குடியிருப்பையும் பாண் சுட்ட இடங்களையும் கண்டது. இறைச்சி தின்றிருக்கிறார்கள், மரியாதையாகப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அதே நேரம் அரசன் கூப்பிட்டால் போயே ஆகவேண்டிய கட்டாய உழைப்பும் அங்கே இருந்தது. முதுகெலும்பு தேய்ந்த எலும்புக்கூடுகளும் கிடைத்தன. நல்ல புத்தகம் இரண்டையும் சேர்த்துச் சொல்லும்.

'ஒரு ஆர்வத்துக்கு வாசிக்கிற பெடியனுக்கு இவ்வளவு பாரத்தை ஏன் ஏத்துறியள்? மம்மி பார்த்து ரசிக்கட்டும்' எண்டு ஒரு நண்பர் எங்களைக் கேட்டார். நியாயமான கேள்வி. எங்களில் பலர் மம்மி பார்த்துத்தான் சரித்திரத்துக்குள்ள வந்தோம், அதை மறைக்கவில்லை. ஆனால் தேள் கொட்டினதால் வேலைக்குப் போகாத ஆள் முகமூடியைவிடச் சுவாரசியம் குறைந்தவனா? சுவாரசியத்தை நாங்கள் தங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம், அதுதான் பிரச்சினை. ஆர்வமுள்ள பிள்ளைக்கு மலிந்த சரக்குக் காணும் எண்டு நினைக்கிறது அந்தப் பிள்ளையை மட்டந்தட்டுறது.

கடையில் நிற்கும்போது ஐந்து விசயம் பாருங்கோ.

ஒன்று, பதிப்பு ஆண்டு. பிரமிட் பற்றின புதுப் புத்தகம் எண்டு சொல்லிக்கொண்டு மெரரின் பெயர் இல்லை எண்டால், திருப்பி வையுங்கோ.

இரண்டு, சுட்டியில் தெயிர் எல் மதீனா எத்தனை பக்கம், துட்டன்காமுன் எத்தனை பக்கம் எண்டு எண்ணுங்கோ. பதினெட்டு, பத்தொன்பது வயதில் இறந்த ஒரு பெடியனுக்குப் பாதிப் புத்தகம் போயிருந்தால் அது வேண்டாம்.

மூன்று, 'இது எங்களுக்கு எப்படித் தெரியும்' எண்டு ஆசிரியர் சொல்கிறாரா? எந்தப் பாப்பிரஸ், எந்தக் குழி, எந்தச் சுவர்?

நாலு, தெற்கே இருந்த நூபியா இருக்கிறதா? கி.மு. எட்டாம் நூற்றாண்டில் குஷ் அரசன் பியே எகிப்தை வென்றான், அவன் வழி வந்தவர்கள் எகிப்தை ஆண்டார்கள். இன்றைய சூடானில் எகிப்தைவிடக் கூடுதலான பிரமிட்டுகள் நிற்கின்றன. இதை விட்ட புத்தகம் எகிப்தை ஆபிரிக்காவிலிருந்து வெட்டி எடுக்கப் பார்க்கிறது.

ஐந்து, எகிப்தியரே எழுதிய ஆய்வுகள் மேற்கோளில் வருகின்றனவா?

பெயர் சொல்லுங்கோ எண்டால், சொல்கிறோம். எல்லாம் ஆங்கிலம்தான், அதுவும் ஒரு கவலை. தெயிர் எல் மதீனாவை ஊராக, தெருவாக, சண்டை சச்சரவாகக் காட்டுகிறது ஜோன் ரோமரின் 'ஏன்ஷியன்ட் லைவ்ஸ்'. ஒரு அரசு எப்படித் தன்னைக் கட்டியெழுப்பிக்கொண்டது எண்டு விளங்க வேணுமெண்டால் பரி கெம்பின் 'ஏன்ஷியன்ட் ஈஜிப்ட்: அனற்றமி ஒஃப் எ சிவிலைசேஷன்'. முதலில் 1989 இல் வந்தது, திருத்திய பதிப்பை வாங்குங்கோ. மெல்ல வாசிக்க வேண்டிய புத்தகம். மெரரின் கதைக்குத் தலேயும் லேனரும் சேர்ந்து 2021 இல் எழுதிய 'த ரெட் சீ ஸ்க்ரோல்ஸ்'. எகிப்தியரின் சொந்தக் குரல் கேட்க மிரியம் லிக்தைமின் மூன்று தொகுதி மொழிபெயர்ப்பு. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓட்டமாக வாசிக்க ரொபி வில்கின்சனின் 2010 நூல். அரசனின் அதிகாரம் எவ்வளவு கொடூரமாக இருந்தது எண்டதை அது ஒளிக்கவில்லை, ஆனால் அரசர்களைச் சுற்றியே ஓடுகிறது எண்டுற குறையும் அதுக்கு இருக்கு. புதுசு வாங்கக் கட்டாது எண்டால் சேர்ந்து ஒன்று வாங்கி மாறிமாறி வாசிப்போம். வாசித்த ஆள் வட்டத்தில் தமிழில் சொல்ல வேண்டும் எண்டதுதான் எங்கட ஒரே நிபந்தனை. அப்பிடித்தான் தமிழில் ஒரு நல்ல எகிப்துப் புத்தகம் ஒருநாள் வரும்.

தம்பிக்கு இரண்டாவது தரம் காசு சேர்த்தோம், ரோமரின் புத்தகத்தின் பழைய பிரதி ஒன்று கிடைத்தது. அட்டை கசங்கியிருந்தது, தங்கமும் இல்லை. போன வெள்ளிக்கிழமை அவன் வட்டத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை எண்டு கேட்டதுக்குக் கைபேசியில் ஒரு வரி அனுப்பினான்: "அண்ணை, தேள் கொட்டிப்போட்டுது எண்டு இடாப்பில எழுதுங்கோ."

புத்தகத்துக்குள்ள ஆக்களைக் கண்டுபிடிச்சிட்டான்.